இடைவேளைக்கு முந்தைய பத்து நிமிடம்

அக்டோபர் 4, வெள்ளி

சொல்வது நான், பலவேசம். எழுதுவது என் வீட்டுக்காரி கோமதி. எனக்குக் கையெழுத்துகூட வராது, பெருவிரல்தான். கோமதி சத்துணவுக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் பதிவேடு எழுதியவள். நான் எப்படிப் பேசினாலும் அவள் பள்ளிக்கூடத் தமிழில்தான் எழுதுவாள். பிறரோடு பேசியதையாவது பேசியபடி எழுது என்று கேட்டிருக்கிறேன்.

நோட்டுப் போடச் சொன்னதும் அவள்தான். இன்று காலை முதலாளி என்னை மட்டும் மாடி அறைக்குக் கூப்பிட்டு, "பலவேசம், யார் யார் என்ன பேசுதாங்க, எங்க நிக்காங்கன்னு ஒரு வாரம் கவனிச்சு எங்கிட்ட மட்டும் சொல்லணும்" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். கோமதி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு நீங்க சொன்னதை அவங்க மாத்திச் சொல்லுவாங்க. தேதி போட்டு எழுதி வச்சிருவோம்."

எனக்கு எழுதி வைக்கத் தேவையில்லை. கழுகுமலை ரோட்டில் இந்தத் தியேட்டர் வாசலில் நாற்பத்துநான்கு வருஷமாக டிக்கெட் கிழிக்கிறேன். ரோஸ் என்றால் பால்கனி, மஞ்சள் என்றால் முதல் வகுப்பு. எந்தப் படத்துக்கு எத்தனையாவது நாள் மழை பெய்தது என்று கேட்டாலும் சொல்வேன். ஊர்க்காரர்கள் கேட்கவும் செய்வார்கள்.

நடந்தது இது. 'கிணற்றுச் சாவி' என்ற சஸ்பென்ஸ் படம் இன்று வெளியாகியிருக்கிறது. நேற்று மதியம், புது ஸ்பீக்கரைச் சரிபார்க்க, முதலாளி வீட்டு விருந்தாளிகள் நாற்பது பேருக்கும் எங்கள் ஆட்களுக்கும் மட்டும் ஒரு காட்சி ஓட்டினோம். கதை வெளியே போகக்கூடாது என்ற ஒரே நிபந்தனையில் வினியோகஸ்தர் சம்மதித்திருந்தார். மேனேஜர் ஹென்றி சார் எல்லாருடைய போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்து, படம் முடிந்த பிறகுதான் கொடுத்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு 'விமர்சன வேங்கை' என்ற பெயரில் எவனோ இன்டர்நெட்டில் விமர்சனம் போட்டுவிட்டான். கொலைகாரன் யார் என்பது மூன்றாவது வரியிலேயே இருக்கிறது.

எங்கள் தியேட்டரில் பார்த்தவன்தான் என்பதில் சந்தேகமே இல்லை. கடைசிச் சண்டையில் புது ஸ்பீக்கர் மக்கர் பண்ணி இரண்டு நிமிஷம் சத்தம் நின்றுபோயிற்று. முதலாளி வீட்டு விருந்தாளிகள் என்பதால் மரியாதைக்கு யாரும் கத்தவில்லை. அதை வேங்கை இப்படி எழுதியிருக்கிறான்: 'இசையமைப்பாளர் இரண்டு நிமிடம் ஒரு சத்தமும் போடாமல் நம்மை உறைய வைக்கிறார். வாய் மட்டும் அசைகிறது. உலகத் தரம்.'

வியாழக்கிழமைக்குள் ஆளைப் பிடித்துப் பெயரைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தீபாவளிப் படம் நமக்குக் கிடையாது என்று வினியோகஸ்தர் சொல்லிவிட்டாராம். "நம்ம ஆளா இருந்தா வேலையும் போகும், ஸ்டேஷன்லயும் எழுதிக் கொடுப்பேன்" என்றார் முதலாளி.

அக்டோபர் 5, சனி

காலைக் காட்சிக்கு ஆட்கள் உள்ளே போனதும் கேண்டீன் பக்கம் கூடினோம். கவுண்டரில் டிக்கெட் கொடுக்கும் ஜெபராணி, வண்டி ஸ்டாண்டு சுடலைமுத்து, கூட்டிப் பெருக்கும் செல்லம்மா, நான். கேண்டீனில் ஆறுமுகத்தாய் இருந்தாள். பதினொரு வருஷமாக அவள் ஒருத்திதான் அங்கே டீ, பப்ஸ், பாப்கார்ன் எல்லாம். புருஷன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். மகள் ஒன்பதாவது படிக்கிறாள்.

ஜெபராணி போனைப் பார்த்து முழு விமர்சனத்தையும் வாசித்தாள். எனக்கு ஒரு தடவை கேட்டால் போதும். கோமதி, அப்படியே எழுது:

'வணக்கம் சினிமா உறவுகளே. உங்கள் விமர்சன வேங்கை மீண்டும் பாய்ந்துவிட்டது. இது சஸ்பென்ஸ் படம் என்பதால் கொலைகாரன் கம்பவுண்டர் என்பதை நான் சொல்ல மாட்டேன், நீங்களே தியேட்டரில் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். கேமராமேன் கேமராவை நன்றாகப் பிடித்திருக்கிறார். மழைக் காட்சியில் மழை நன்றாகப் பெய்கிறது. இன்ஸ்பெக்டராக வரும் ஹீரோ நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார். ஆனால் சில இடங்களில் நடித்தும் இருக்கிறார். குறை என்று பார்த்தால், முதல் பாதியில் அவ்வளவு பேசிய தங்கச்சியை இரண்டாம் பாதியில் காணவில்லை. கால்ஷீட் பிரச்சினை போலும். இன்ஸ்பெக்டரின் இடது கையில் திடீரென்று கட்டு. ஹீரோவுக்கு நிஜத்தில் அடிபட்டிருந்தால் விரைவில் நலம்பெற வேண்டுகிறோம். எடிட்டர் தேவையான இடத்தையும் வெட்டிவிட்டார். மொத்தத்தில் கிணற்றுச் சாவி, திறக்கும், ஆனால் திறக்காது.'

நடுவில் அந்த உலகத் தரமும் வந்தது. அதை முன்பே எழுதியாயிற்று.

சுடலைமுத்து சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

"இன்ஸ்பெக்டர் தங்கச்சி கிணத்துல விழுந்து செத்தாச்சு. அவளைக் காப்பாத்தப் போயி இன்ஸ்பெக்டருக்குக் கையில கத்திக்குத்து. இடைவேளை சீனே அதான். ஊரே அதைத்தான் பேசுது. இவன் கால்ஷீட்டுங்கான்" என்றேன் நான்.

"மழைக் காட்சியில மழை பெய்யுதாம்லா அண்ணாச்சி" என்றாள் ஜெபராணி.

"பின்ன, மழைக் காட்சியில வெயிலா அடிக்கும்? வேங்கைக்கு அதுகூடப் புதுசு. காடு விட்டு மொத தடவையா தியேட்டருக்கு வந்துருக்கு."

ஆறுமுகத்தாய் மட்டும், "எழுத்து அவ்வளவு மோசமாவா இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"தாயி, எழுதத் தெரியாத நான் வாயால சொன்னாக்கூட இதைவிட நல்லா வரும்."

அவள் பாப்கார்ன் மெஷினுக்குள் சோளத்தைக் கொட்டினாள். எப்போதும் தம்ளரால் அளந்து போடுகிறவள், இன்று பையோடு கவிழ்த்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொரி தரையெல்லாம் கொட்டியது. செல்லம்மா அவளைத் திட்டிக்கொண்டே பெருக்கினாள்.

எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "ஒண்ணு மட்டும் நிச்சயம். இவன் இடைவேளைக்குப் பத்து நிமிஷம் முன்னால எந்திரிச்சுப் போனவன், பெல் அடிச்சுப் பத்து நிமிஷம் கழிச்சுத் திரும்பி வந்தவன். வயிறு சரியில்லாத வேங்கை" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மாடிப்படியில் ஹென்றி சார் நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"அதை இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

சொன்னேன். முன்னால் பத்து, பின்னால் பத்து என்று விரலை மடக்கிக் காட்டியே சொன்னேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

நான்கு காட்சியும் கூட்டம். திரையில் கம்பவுண்டர் முதல் தடவை ஊசியோடு வரும்போதே ஜனம் கைதட்டி, "வாங்க கொலைகாரரே" என்று வரவேற்கிறது. பாவம், படம் எடுத்தவன்.

வாசலில் என்னிடம் விமர்சனத்தைச் சொல்லிக் காட்டச் சொல்லி ஒரு கூட்டம். ஒவ்வொரு காட்சிக்கும் சொன்னேன். 'நலம்பெற வேண்டுகிறோம்' என்ற இடத்தில் கண்ணை மூடிக் கும்பிட்டுக் காட்டினால் சிரிப்பு அடங்க நேரமாகும். கோமதி மதியக் காட்சிக்கு வந்திருந்தாள். நான் சொல்லிக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலக் காட்சியில் இடைவேளை நெருங்கும்போது வழக்கம்போல் உள்ளே போய்க் கதவோரம் நின்றேன். பெல் அடித்ததும் கதவுத் திரைச்சீலையை விலக்கிக் கதவைத் திறப்பது என் வேலை. அதனால் நாற்பத்துநான்கு வருஷத்தில் வந்த அத்தனை படத்தின் இடைவேளைக் காட்சியையும் பார்த்திருக்கிறேன். கேண்டீன் பக்கக் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. இன்று எதற்கோ அந்தக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன்.

படம் ஓடும்போது ஆறுமுகத்தாய் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் நிற்பாள். கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்திருப்பாள். இன்று அந்த நேரத்தில் அங்கே அவள் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினில் பொரி அள்ளிக்கொண்டிருந்தாள். டீக்குப் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அட்டைப் பெட்டிகளை வரிசையாகத் திறந்து வைத்திருந்தாள். பெல் அடித்தால் முந்நூறு பேர் வருவார்கள் அல்லவா. கடைசி ஆள் பப்ஸ் வாங்கிப் போய், எச்சில் கப்புகளைப் பொறுக்கி, மேஜையைத் துடைத்துவிட்டு அவள் மறுபடி கண்ணாடிக்கு வரும்போது படம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

முன்னால் பத்து. பின்னால் பத்து.

எனக்கு ஒன்று தோன்றியது. அதை எழுத வேண்டாம் என்றேன். "அப்ப நோட்டு எதுக்கு" என்றாள் கோமதி. பிறகு அவளாகவே அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

முதலாளி கேட்டார், என்ன கவனித்தாய் என்று. செல்லம்மாவின் செருப்பு அறுந்துவிட்டது, வேறொன்றும் இல்லை என்றேன்.

அக்டோபர் 7, திங்கள்

கூட்டம் இல்லை. வாசலில் இரண்டு பேர் வேங்கையைச் சொல்லிக் காட்டக் கேட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. இதை எழுது என்று நான் சொல்லவில்லை, கோமதியாக எழுதுகிறாள்.

மதியம் ஹென்றி சார் என் ஸ்டூலுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு தாள்.

"நீங்க சொன்னது பெரிய துப்பு அண்ணாச்சி. நம்ம ஆளுகள்ல அந்த நேரம் உள்ள இல்லாதது யாரு? வியாழக்கிழமை யாரு எங்க நின்னான்னு உங்களுக்குத்தான் தெரியும்."

ஆபரேட்டர் மேலே. ஜெபராணி கடைசி வரிசை, தூணுக்கு இடதுபக்கம். பக்கத்தில் சுடலைமுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு. செல்லம்மா தரையில். எல்லாம் சொன்னேன்.

"கேண்டீன்?"

"இருட்டு சார். போனாளோ வந்தாளோ."

"நீங்க இருட்டுல டிக்கெட்டைத் தடவிக் கலர் சொல்லுத ஆளு."

அவர் தாளை மடித்தார். "மொதலாளி சும்மா சொன்னா நம்பமாட்டாரு. வியாழக்கிழமை ஒவ்வொருத்தரா ரூமுக்குக் கூப்பிட்டு, அந்த இடைவேளை சீனைச் சொல்லச் சொல்லுவேன். பாத்தவன் சொல்லுவான். அந்த நேரத்துக்கு வேலையில நிக்குத ஆளு அன்னைக்கும் பாத்திருக்க முடியாது, இன்னைக்கும் பாக்க முடியாது. சொல்லுதது சரியா தப்பான்னு நீங்கதான் கூட இருந்து சொல்லணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

அக்டோபர் 8, செவ்வாய்

காலை பத்து மணிக்கே போய்விட்டேன். ஆறுமுகத்தாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொழுது போகவில்லை. அதனால் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். பொழுது போகாததால் மட்டும்தான்.

"தாயி, அந்த வேங்கை பார்க்காமப் போன சீனு இருக்குல்லா, அது எப்பேர்ப்பட்ட சீனு தெரியுமா? சொல்லுதேன், கேளு. மழை. கரண்டு இல்ல. தங்கச்சி தனியா இருக்கா. வலது கையில கிணத்தடிக் கதவுச் சாவி. முன்கதவை உள்ள தாப்பாப் போட்டுட்டா. இனி பயமில்லன்னு ஒரு பெருமூச்சு விடுதா பாரு, அப்ப அவ முதுகுக்குப் பின்னால இன்னொரு சாவி திரும்புத சத்தம். க்ளக். அவ திரும்பல. நமக்குத்தான் திரும்பணும்போல இருக்கு. கொல்லைக் கதவு மெதுவாத் திறக்குது. மூஞ்சியக் காட்டமாட்டான். வெள்ளைச் செருப்பு மட்டும். சேறு ஒட்டாத வெள்ளைச் செருப்பு."

அவள் வெங்காயத்தை உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஓடுதா. கிணத்தடி. அண்ணங்காரன் சுவரேறிக் குதிக்கான். குத்து அவளுக்குத்தான் ஓங்கினது, இவன் இடது கையக் குறுக்க விட்டுட்டான். ரத்தம் மழையில கரையுது. அவ பின்னால கால் வச்ச எடத்துல தரை இல்ல. கயித்தைப் பிடிச்சா. கயிறு ஓடுது, ஓடுது, உருளை சுத்திக்கிட்டே இருக்கு. அப்புறம் கயிறு நின்னுபோச்சு. உருளை மட்டும் சும்மா சுத்துது. தண்ணிச் சத்தம்கூட இல்ல. ஸ்கிரீன் இருட்டு. இடைவேளை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான்.

"இதையா நான்…" என்று தொடங்கிவிட்டு, "இதையா அந்தாளு பாக்காமப் போனான்" என்று முடித்தாள்.

"ஆமா. வியாழக்கிழமை எல்லாரையும் ஹென்றி சார் இதைச் சொல்லச் சொல்லிக் கேக்கப் போறாராம். சும்மா உனக்கும் தெரிஞ்சிருக்கட்டுமேன்னு சொன்னேன்."

அவள் உரித்த வெங்காயத்தை ஒதுக்கி வைத்தாள். பிறகு, "இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். சொன்னேன்.

அக்டோபர் 9, புதன்

டீ கொடுக்கும்போது கேட்டாள்: "சாவி எந்தக் கையில அண்ணாச்சி?"

வலது என்றேன்.

அக்டோபர் 10, வியாழன்

பதினோரு மணிக்கு முதலாளி அறை. அவர் நாற்காலியில், ஹென்றி சார் சன்னலோரம், நான் பெஞ்சில். உள்ளே ஏசி இருந்தும் எனக்கு முதுகு நனைந்தது.

ஜெபராணி சரியாகச் சொன்னாள். சுடலைமுத்து, தங்கச்சி குடை பிடித்துக்கொண்டு ஓடினாள் என்றான். குடை கிடையாது. ஆனால் உருளையைச் சொல்லிவிட்டான், அதனால் பார்த்திருக்கிறான் என்றேன். செல்லம்மா, "நான் தூங்கிட்டேன் மொதலாளி" என்றாள். ஹென்றி சார் நிமிர்ந்தார். "அவளுக்கு அ ஆ தெரியாது சார், நான் பெருவிரல் வைக்குத அதே மைப் பேட்லதான் அவளும் வைக்கா" என்றேன். போகச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு ஆறுமுகத்தாய். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

மழை, கரண்டு, வலது கையில் சாவி, தாழ்ப்பாள், பெருமூச்சு. என் வாயில் வந்த வரிசையிலேயே சொன்னாள். க்ளக் என்ற இடத்தில் நான் நிறுத்துவது போலவே நிறுத்தினாள். முதலாளி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். உருளை சும்மா சுற்றுகிறது என்று அவள் முடித்தாள்.

"சரியா பலவேசம்?"

"ஒரு அட்சரம் பிசகல மொதலாளி."

அதோடு அவள் போயிருக்கலாம். வாசல் வரை போய்விட்டாள். அங்கே நின்று திரும்பி, "ஆனா ஒண்ணு மொதலாளி. அவ்வளவு மழையில சேத்துல நடந்து வந்தவன் செருப்பு எப்படி வெள்ளையா இருக்கும்? டைரக்டர் அதைக் கவனிச்சிருக்கணும். லாஜிக் இடிக்குது" என்றாள்.

ஹென்றி சார் சன்னலை விட்டு வந்தார். முதலாளியின் புருவம் ஏறியது.

நான் சத்தமாகச் சிரித்தேன். "பாத்தியளா மொதலாளி, ஒரு வாரமா அந்தப் பயல் எழுதினதை நான் சொல்லிக் காட்டினாலும் காட்டினேன், ஊருக்கே விமர்சன வியாதி பிடிச்சுட்டு. நேத்து செல்லம்மா எங்கிட்ட, விளக்குமாறு ரெண்டாம் பாதியில தொய்யுதுங்கா. சுடலைமுத்து ஒரு பைக்கைப் பாத்து, ஹாரன் உலகத் தரம்ங்கான். இவ வேற வந்துட்டா லாஜிக்கைத் தூக்கிக்கிட்டு. மொத்தத்தில் ஆறுமுகத்தாய், பப்ஸ் வேகும் ஆனால் வேகாது."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் தரையைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை.

"ஒரே கேள்வி" என்றார் ஹென்றி சார். "அவ பெருமூச்சு விடும்போது ஒரு மின்னல் வெட்டும். அப்ப சுவர்ல என்ன தெரிஞ்சுது ஆறுமுகத்தாய்?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். என்னைப் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. கையில் ஈரம் இல்லாமலே மறுபடி சேலையில் துடைத்தாள்.

"என்னவோ போட்டோ மாதிரி எனக்கு ஞாபகம்" என்றார் ஹென்றி சார், முதலாளியிடம். "பாத்தவங்க மறக்கமாட்டாங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "போட்டோ உண்டாவே?"

"இல்ல மொதலாளி. வெறுஞ்சுவரு."

"பலவேசம் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஹென்றி, உமக்குக் கண்ணாடி மாத்தணும். போம்மா, போயி வேலையப் பாரு."

அந்தச் சுவரில் போட்டோ எதுவும் இல்லை. நான் சொன்னது சரிதான். இதைச் சொன்னபோது கோமதி பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளும் ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்தவள். பிறகு எழுதிவிட்டாள்.

அதே நாள்

இதையும் சேர்த்துக்கொள் என்றேன். படத்துக்கு இன்று கடைசி நாள். சாயங்காலக் காட்சியில் இடைவேளைக்கு முன்னால் நான் கதவோரம் நின்றபோது, பக்கத்தில் ஹென்றி சார் வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி தாழ்ப்பாள் போட்டாள். பெருமூச்சு விட்டாள். மின்னல் வெட்டியது.

சுவரில் அவள் அப்பாவின் போட்டோ. பெரிய போட்டோ. சுவர் பாதிக்கு இருந்தது.

நான் கதவில் சாய்ந்துகொண்டேன். வயதாகிவிட்டது, நிற்க முடிவதில்லை. உருளை சுற்றி முடிந்தது. பெல் அடித்தது. நான் கதவுத் திரைச்சீலையை விலக்கினேன்.

"மாலைகூடப் போட்டிருக்கு அண்ணாச்சி" என்றார். என் பதிலுக்கு நிற்காமல் மாடியேறிப் போனார். மேலே முதலாளி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தூக்கம் இல்லாமல் போனேன். ஹென்றி சார் வேட்டி கட்டி வந்திருந்தார். கிறிஸ்தவர் என்றாலும் வருஷா வருஷம் புரொஜக்டருக்கு அவர்தான் மாலை போடுவார். பாப்கார்ன் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாகிவிட்டது. ஆறுமுகத்தாய் பொரிகடலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பூஜை முடிந்ததும் முதலாளி எல்லாரையும் நிற்கச் சொன்னார். ஹென்றி சாரும் அவர் பக்கத்தில் நின்றார்.

"வினியோகஸ்தருக்குப் பேசிட்டேன். நம்ம ஆளு எவனும் இல்லன்னு சொல்லிட்டேன். ஹென்றியும் அதான் சொல்லுதாரு. அந்தாளு நம்பல. தீபாவளிப் படம் எதுத்த தியேட்டருக்குப் போயிட்டு. நமக்கு ஏதாவது சின்னப் படம்தான். எல்லாரும் பொறுத்துக்கிடுங்க."

ஜெபராணிக்கு முகம் விழுந்துவிட்டது. சுடலைமுத்து, "எவனோ ஒரு கோட்டிக்காரன் எழுதினதுக்கு நம்ம எல்லாரு தீபாவளியும் போச்சு. அவன் கை வெளங்காமப் போவ" என்றான். ஆறுமுகத்தாய் தட்டைக் கீழே வைத்துவிட்டு முதலாளியைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தாள். நான் குறுக்கே போய் அந்தத் தட்டை எடுத்து, "சாமிக்கு வச்சதத் தரையில வைக்காத தாயி, எல்லாருக்கும் கொடு" என்று அவள் கையிலேயே திணித்தேன். கொஞ்சம் வேகமாகத்தான் திணித்தேன்.

அவள் கொடுத்தாள். ஒவ்வொருவராக. சுடலைமுத்துவுக்கு இரண்டு கை அள்ளிப் போட்டாள்.

ஹென்றி சார் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். என்னிடம் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். இனி யார் எங்கே நின்றார்கள் என்று என்னிடம் கேட்கமாட்டார்.

அக்டோபர் 14, திங்கள்

வேங்கையின் பக்கத்தையே காணவில்லை என்று ஜெபராணி சொன்னாள். அழித்துவிட்டு ஓடிவிட்டானாம். முன்பு போட்டது நூற்றுப் பதினேழு விமர்சனம் இருந்ததாம். "சும்மா சொல்லக்கூடாது அண்ணாச்சி, அவ்வளவு மோசமா எழுதுத ஒருத்தன் அவ்வளவு எழுதினதே பெரிசு" என்றாள்.

நூற்றுப் பதினேழு படம். ஒன்றுக்குக்கூட இடைவேளைக் காட்சி பார்க்காமல்.

இன்று வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 18, வெள்ளி

புதுப்படம். சின்னப் படம்தான். முதல் காட்சிக்கு முப்பத்தோரு பேர். இதுவும் கொலைக் கதை.

காட்சி தொடங்கி ஒரு மணி நேரம் ஆனதும் கேண்டீனுக்குப் போனேன். சுடலைமுத்துவைக் கதவோரம் நிறுத்திவிட்டு, பெல் அடித்ததும் திரையை விலக்கு என்று சொல்லியிருந்தேன்.

"எந்திரி தாயி. உள்ள போ. இதை நான் பாத்துக்கிடுதேன்."

"ஐயோ வேண்டாம் அண்ணாச்சி. மெஷின் உங்களுக்குப் பழக்கமில்ல."

"முப்பத்தோரு பேருக்குப் பொரி பொரிக்கத் தெரியாதாக்கும். போ. கண்ணாடியில நின்னு பாக்காத. உள்ள போயி சீட்டுல உக்காரு."

அவள் போகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"ஒண்ணும் சொல்லாண்டாம். போ, பத்து நிமிஷந்தான் இருக்கு."

போனாள். கதவு மூடியது.

மெஷின் எனக்குப் பிடிபடவில்லை. சோளம் பாதி கருகிவிட்டது. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. உள்ளே வயலின் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு பெண் கத்தினாள். பிறகு எதுவோ உடைந்தது. நான் கண்ணாடிப் பக்கம் போகவில்லை. போக நினைத்தேன் என்றுகூட எழுத வேண்டாம்.

பெல் அடித்தது. ஜனம் வெளியே வந்தது. ஆறுமுகத்தாய் கடைசி ஆளாக, சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. எதிரே இருந்த ஆளின் மேல் இடித்துக்கொண்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து, என் கையிலிருந்த கரண்டியைப் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

வரிசையில் முதலில் காசை நீட்டியவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவர், எனக்கு இருபது வருஷப் பழக்கம். "அண்ணாச்சி, நான் இப்பத்தான் வந்தேன், லேட்டாயிட்டு. இடைவேளைக்கு என்ன ஆச்சு? உம்ம வாயால சொல்லும்" என்றார்.

வாசலில் நின்ற இத்தனை வருஷத்தில் நான் சொல்லியிராத ஒன்றைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதுவே. நான் பாக்கல. அவகிட்டக் கேளும்."

அவர் அவளைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். அவள் கருகிய பொரியை ஒரு தட்டில் ஒதுக்கினாள். பிறகு, "கொன்னது யாருன்னு எனக்கும் தெரியாது, தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்" என்றாள். "பெல்லுக்கு முந்தின பத்து நிமிஷத்தை மட்டும் சொல்லுதேன். அந்த வீட்ல ஒரு படிக்கட்டு இருக்கு அண்ணாச்சி…"

அவர் பாக்கிச் சில்லறையை வாங்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் நின்றேன்.